நூறு சதவீதத்துக்கு ஓர் ஆள் குறைவு

குழாய்ப் பராமரிப்புக் கோட்ட அலுவலகத்தில் அவனை எல்லோரும் ‘பிரின்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். உத்தியோகம் என்னவோ வரைபடக்காரன். நிலத்துக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது, எந்த இடத்துக்கு மேல் அது எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது என்பதையெல்லாம் கோடு போட்டுக் காட்டுவது வேலை. சேர்ந்த இரண்டாம் மாதம் அச்சு இயந்திரத்தில் ஒரு காகிதம் சிக்கிக்கொண்டது. மூன்று அதிகாரிகள் அதைச் சுற்றி நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். டீ குடிக்க அந்த வழியாகப் போனவன் சும்மா போயிருக்கலாம். மூடியைத் திறந்து காகிதத்தை உருவிவிட்டான்.

அன்றோடு தீர்ந்தது. கடிகாரம் நின்றால், மின்விசிறி முனகினால், ஜீப்பின் ஹாரன் ஒரு முறை அழுத்தியதற்கு ஒன்பது முறை அலறினால், “பிரின்டரைக் கூப்பிடு” என்றார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி மட்டுமல்ல. காகிதம் உருவத் தெரிந்தவனும்தான்.

பிரின்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வேண்டுதல் இருந்தது: மாற்றல். மனைவி வேறொரு ஊரில், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பஸ்ஸில் எட்டு மணி நேரம். மகளுக்கு நான்கு வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் உள்ளங்கை அகலம்தான் இருப்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது சில நேரம் வாயைத் திறந்தபடி உறைந்துபோவார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவன் நேரில் போய் நின்றால், பேச வேண்டியதைப் பேசிவிட்டு, அவன் மூக்கின் மேல் விரலை வைத்து அழுத்தி ‘கட்’ பண்ணிவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

மூன்று வருஷமாக மாற்றல் கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருந்தான். கோட்டப் பொறியாளரின் பரிந்துரை இல்லாமல் மனு நகராது. ஒரு வருஷம் “ஆள் பத்தலப்பா” என்றார். அடுத்த வருஷம் “அங்க ஆள் அதிகமா இருக்காங்களாம்” என்றார். மூன்றாம் வருஷம் காரணம் சொல்லச் சோம்பல்பட்டு, மனுவை மேசை மேல் வைத்து அதன் மேல் டீ டம்ளரை வைத்தார்.

இந்த நிலைமையில்தான் ‘ஊற்று’ வந்தது.

ஊற்று என்பது தலைமை அலுவலகம் வாங்கிய மென்பொருள். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் புகார் சொன்னால் அதை ஊற்றில் பதிய வேண்டும். உடனே அது வால்வு மேஸ்திரியின் பெயருக்குப் போகும், அவர் ‘பார்த்தேன்’ என்று அழுத்துவார், அங்கிருந்து ஸ்டோருக்கு, உதவிப் பொறியாளருக்கு, சூப்பிரண்டுக்கு என்று போய், கடைசியில் கோட்டப் பொறியாளர் அழுத்தினால் புகார் முடிந்துவிடும். தண்ணீர் வருவதைப் பற்றி அதில் கட்டம் எதுவும் இல்லை.

பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் குச்சி. சுவரில் ஒரு மலையைக் காட்டினார்.

“புதுசா ஒண்ணு வந்தா மனுஷங்க அஞ்சு வகை. கண்டுபிடிக்கிறவங்க, சீக்கிரம் சேர்றவங்க, கூட்டத்தோட வர்றவங்க, கூட்டம் போன பிறகு வர்றவங்க. இதோ, மலை முடியற இடத்துல, இங்க நிக்கிறாங்க பாருங்க, கடைசி ஆளுங்க. தயங்கிகள். நீங்க யாரு?”

நாற்பத்திரண்டு பேரும் மலையைப் பார்த்தார்கள்.

வால்வு மேஸ்திரி கையைத் தூக்கினார். முப்பது வருஷமாக ஆளுயர இரும்புச் சாவியால் தெருத்தெருவாக வால்வு திறந்த கை. தூக்கினால் அறையே திரும்பிப் பார்க்கும்.

“சார், மலை மேல தண்ணி ஏத்தணும்னா பம்பு வேணும். நம்மகிட்ட பம்பு இல்ல.”

“இது மனப்பான்மை பத்தின மலைங்க.”

“அதுக்கும் பம்பு வேணும்ல?”

பயிற்சியாளர் சிரித்து, இதை நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார். பிஸ்கட் வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பயிற்சி வெற்றி என்று அறிக்கை போயிற்று.

அவர் போன பிறகு புதுக் கணினிகள் உறையோடு நின்றன. உதவிப் பொறியாளர் தன்னுடையதன் மேல் ஹெல்மெட்டை வைத்தார். கோட்டப் பொறியாளரின் திரையில் முகம் துடைக்கும் துண்டு காய்ந்தது. புகார்கள் வழக்கம்போல, கவுன்டரில் நூல் கட்டித் தொங்கிய பெரிய நோட்டில் எழுதப்பட்டன. அந்த நோட்டு நல்ல நோட்டு. மின்சாரம் போனாலும் திறக்கும்.

முதல் மாதக் கூட்டம் திரையில் நடந்தது. தலைமை அலுவலகத்தில் ஓர் அம்மையார் எல்லாக் கோட்டங்களின் சதவீதத்தையும் வாசித்தார். “உங்கள் கோட்டம், இரண்டு புள்ளி நான்கு.”

கோட்டப் பொறியாளர் துண்டை விலக்கி முகத்தைக் காட்டினார். “மேடம், பத்துக்கா?”

“நூற்றுக்கு.”

நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்தான் ஊற்றைத் திறந்திருந்தார் என்று அதற்குப் பொருள். அந்த ஒருவர் ஸ்டோர் அக்கா. போல்ட், வால்வு, குழாய்த் துண்டு எல்லாம் அவர் பொறுப்பு. யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், பயிற்சிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டே நாளில் படித்து, மூன்றாம் நாள் முதல் தன் வேலையைத் தானே பதிந்துகொண்டிருந்தார். இதற்காக அவரை யாரும் பாராட்டவில்லை. அலுவலகத்தில் வேலை தெரிந்தவர்களைப் பாராட்டும் வழக்கம் இல்லை. வேலை கொடுப்பதுதான் வழக்கம், அவருக்கு அதையும் கொடுக்கப் பயம்.

கூட்டம் முடிந்ததும் கோட்டப் பொறியாளர் பிரின்டரைக் கூப்பிட்டார்.

“உனக்கு மாற்றல் வேணும். எனக்கு நூறு வேணும். புரியுதா?”

“சார், எல்லாரும் கத்துக்கிட்டா நூறு தானா வரும்.”

“எல்லாரும் எப்பய்யா கத்துக்கிட்டிருக்காங்க? அந்த சூப்பிரண்டு இன்னும் லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறார். நீ காகிதத்தை உருவுன ஆளு. நூறு வந்த அன்னைக்கு உன் மனுவுல என் கையெழுத்து. சத்தியம்.”

டம்ளரைத் தூக்கி, அடியில் இருந்த மனுவைக் காட்டிவிட்டு, மறுபடி வைத்தார்.

முதல் தடை கடவுச்சொல். ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியக் கடவுச்சொல் இருக்க வேண்டும், அது வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று பயிற்சியாளர் நான்கு முறை சொல்லியிருந்தார். சூப்பிரண்டு விதிகளை மதிக்கிற மனிதர். மறுநாளே சுற்றறிக்கை விட்டார்: ‘ஊழியர்கள் அனைவரும் தத்தமது ரகசியக் கடவுச்சொல்லை இரண்டு பிரதிகளில் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டு மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். ரகசியம் காக்கத் தவறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ ஜீப் டிரைவர், ரகசியம் எதுவும் தோன்றவில்லை என்று மூன்று நாள் அவகாசம் கேட்டு மனுப் போட்டார். கடைசியில் குழப்பம் வேண்டாமென்று எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் முடிவாயிற்று: அலுவலகத்தின் தொலைபேசி எண். வாசல் பலகையில் பெரிதாக எழுதியிருப்பதால் மறக்காது. இவை யாவும் ‘ரகசியக் கடவுச்சொல் பதிவேடு’ என்ற நோட்டில் ஏறி, நோட்டு பிரின்டர் மேசைக்கு வந்தது.

ஸ்டோர் அக்கா மட்டும் கொடுக்கவில்லை.

“ரகசியத்தை எழுதிக் குடுத்தா அதுக்குப் பேரு லெட்டர்” என்றார்.

அன்று முதல் தினமும் மதியம் மூன்று மணிக்குப் பிரின்டர் தன் வரைபடங்களைச் சுருட்டி வைத்துவிட்டு, கவுன்டர் நோட்டை மடியில் போட்டுக்கொண்டு, நாற்பது பேராக மாறினான். முதலில் மேஸ்திரியாக நுழைந்து பார்த்தேன் என்றான். வெளியே வந்து உதவிப் பொறியாளராக நுழைந்து ஆவன செய்யப்படும் என்றான். சூப்பிரண்டாக நுழைந்து மேற்படி பொருள் தொடர்பாக என்று ஆரம்பித்தான். கோட்டப் பொறியாளராக நுழையும்போது மட்டும் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தான், தானாக வந்தது. பதிந்ததையெல்லாம் அச்செடுத்து, சம்பந்தப்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கி, கோப்பில் கட்டினான். காகிதத்தை ஒழிக்க வந்த ஊற்றால் இரண்டு புது பீரோ வாங்க வேண்டியதாயிற்று.

நாளாக நாளாக இதில் அவனுக்கு ஒரு கைப்பக்குவம் கூடிவந்தது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வருமே என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நடை வைத்தான். டிரைவருக்குச் சுருக்கம். சூப்பிரண்டுக்கு முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியம். மேஸ்திரிக்கு உணர்ச்சி: ‘பழுதைப் பார்த்ததும் மனம் பதறியது.’ மேஸ்திரி அச்சுப்பிரதியில் கையெழுத்துப் போடும்போது அதைப் படித்துவிட்டு, “நானா சொன்னேன்? நல்லாத்தான் சொல்லியிருக்கேன்” என்றார்.

அலுவலக வாசலில் ஒரு குழாய் ஒன்றரை வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லோரும் வரிசையாகப் போட்ட செங்கல் மேல் குதித்துத்தான் உள்ளே வருவார்கள். ஊற்றில் அது ஒன்பது முறை சரிசெய்யப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறைக்கும் பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகம்.

ஸ்டோர் அக்காவின் பக்கத்தில்தான் அழுத முகம், சிவப்பாக. கேட்ட வால்வு இருப்பில் இல்லையென்றால் அவர் ‘இல்லை’ என்றே பதிந்தார். ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று போட்டால் ஊற்று சிரிக்கும். ‘இல்லை’ என்று போட்டால் அழும்.

“அக்கா, நீங்களும் நடவடிக்கையில்னு போட்டா என்ன? நம்ம கோட்டமே சிரிக்கும்.”

“ஏற்கெனவே ஊரே சிரிக்குது. வால்வு இல்லன்னா இல்லதான். நீ நாப்பது வேஷம் போடு, நல்லா இரு. அதுல ஒண்ணாவது உன் வேஷமான்னு பாத்துக்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் இந்தக் கதை இரண்டு பக்கம் குறைந்திருக்கும்.

சதவீதம் ஏறியது. முப்பது, அறுபத்தைந்து, தொண்ணூறு. தலைமை அலுவலகத்து அம்மையார் கோட்டத்தின் பெயரை வாசிக்கும்போது குரலில் வெல்லம் கரைந்தது. ஏழாம் மாதம் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு வந்தது. வந்த இடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. இரண்டு வாரம் பிரின்டர் தலைகீழாக நின்றும் அசையவில்லை. நாற்பத்திரண்டில் ஒருவர் குறைகிறார். எல்லோரும் ஜாடையாக ஸ்டோர் பக்கம் பார்த்தார்கள்.

அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கோட்டப் பொறியாளர் அதைக் கையில் பிடித்தபடி தானே எழுந்து வந்தார். அவர் எழுந்து வந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குக் கால் இருப்பது பலருக்கு அன்றுதான் உறுதியாயிற்று.

“உங்க கோட்டத்துல ஒரே ஒரு ஊழியர் ஏழு மாசமா ஒரு தடவைகூட ஊற்றைத் திறக்கலையாம். ‘மாற்றத்துக்கு எதிரான மனநிலை கொண்டவர்’னு போட்டிருக்கான். யாரு தெரியுமா?”

“யாரு சார்?”

“நீதான்யா!”

பிரின்டருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு மெதுவாக, அடைத்த குழாயில் தண்ணீர் ஏறுவதுபோலப் புரிந்தது. அவன் மேஸ்திரியாகப் போயிருக்கிறான், டிரைவராகப் போயிருக்கிறான், பிரசவ விடுப்பில் இருக்கும் தட்டச்சரின் பெயரிலும் போயிருக்கிறான், விடுப்பிலும் அவர் காட்டும் ஆர்வம் பாராட்டப்பட்டிருக்கிறது. அவனாக மட்டும் போனதே இல்லை.

“சார், நான்தானே எல்லாருக்கும்...”

“சத்தம் போடாதே! அதை வெளிய சொல்ல முடியுமா? உன்னாலதான்யா நூறு வராம நிக்குது. உடனே உள்ள போ!”

போனான். ஊற்று அவனை விடவில்லை. தொண்ணூறு நாள் திறக்காத கணக்கு பூட்டப்பட்டுவிடும். பூட்டைத் திறக்க ஒரே வழி, ‘தயங்கிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி’. அதைக் கோட்டத்தின் ‘முதன்மைப் பயனர்’ நேரில் உட்கார்ந்து நடத்தி, திருப்தி என்று சான்று பதிய வேண்டும். முதன்மைப் பயனர் யார் என்பதை ஊற்றே பதிவுகளை எண்ணித் தேர்ந்தெடுத்திருந்தது: வால்வு மேஸ்திரி. ஏழு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பதிவுகள். ‘பணியில் மனிதநேயம்’ என்று தனியாக ஒரு நட்சத்திரம் வேறு.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பயிற்சி நடந்தது. மேஸ்திரி எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கணினியின் முன்னால், பல் டாக்டரிடம் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்.

“எங்க ஆரம்பிக்கிறதுப்பா?”

“நீங்கதாண்ணே சொல்லணும். நீங்க முதன்மைப் பயனர்.”

“அப்படியா? சரி. இது என்ன?”

“மவுஸ்.”

“கரெக்ட். நல்லாப் பதில் சொல்ற. இது ஏன் சிவப்பா எரியுது?”

“அது பிளக்பாயின்ட்ண்ணே.”

“அதுவும் கரெக்ட். உன்னைப் போயி தயங்கின்னு சொல்லியிருக்காங்களே, படுபாவிங்க.” கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. இது வந்து எத்தனை மாசமாச்சு? நான் வால்வு திறக்கறது முன்ன மாதிரியேதானே இருக்கு?”

“ஆமாண்ணே.”

“அப்ப இது எதுக்கு?”

“நீங்க வால்வு திறக்கறீங்கன்னு அவங்களுக்குத் தெரியறதுக்கு.”

“தண்ணி வந்தாத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு எழுந்தார். “சான்று நீயே போட்டுக்க. நல்லதா நாலு வார்த்தை சேத்துப் போடு.”

பிரின்டர் மேஸ்திரியாக நுழைந்து, தன்னைப் பற்றி எழுதினான்: ‘ஆரம்பத்தில் முரண்டு பிடித்தார். அன்போடு எடுத்துச் சொன்னதும் மனம் திருந்திக் கண்கலங்கினார்.’ ஊற்று அந்த வரிகளையும் சேர்த்து ஒரு சான்றிதழ் தந்தது. ‘இவர் ஏழு மாத காலம் கணினிப் பயன்பாட்டை முற்றிலும் தவிர்த்தவர், மறுவாழ்வு பெற்றார்’ என்று முத்திரையோடு. பூட்டுத் திறந்தது. தன் பெயரில் முதல் முறையாக உள்ளே போனான். ‘வருக, புதியவரே!’ என்றது.

நூறு வந்துவிட்டது.

பத்து நாளில் கேடயம் வந்தது. தலைமை அலுவலகத்து அம்மையாரே எடுத்துக்கொண்டு வந்து, செங்கல் செங்கலாகக் குதித்து, ஒரு செங்கலில் தவறிப் புடவைக் கரையை நனைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். கோட்டப் பொறியாளர் ‘மாற்றம் என் வீட்டிலிருந்து தொடங்கியது’ என்ற தலைப்பில் பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும் பிரின்டர் அவர் அறைக்குள் போய் நின்றான்.

“சார், மனு...”

“எது?”

“மாற்றல். நூறு வந்தா கையெழுத்துன்னு சத்தியம் பண்ணீங்க.”

“பண்ணேன். இல்லன்னு சொல்லலையே. ஆனா நீயே யோசி, உன்னை அனுப்பிட்டா அந்த நூறு எங்கய்யா நிக்கும்? கேடயத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுவான். போன வாரம் வரைக்கும் நீ சாதாரண ஆளு, விட்டிருக்கலாம். இப்ப நீ இன்றியமையாத ஆளு.” டம்ளரைத் தூக்கினார். மனுவில் வட்டம் வட்டமாகக் கறை. அதைக் கசக்கிக் கூடையில் போட்டார். “பேப்பர்ல இனிமே என்கிட்ட எதுவும் கொண்டுவராதே. முதல் தேதியிலிருந்து லீவு, மாற்றல் எல்லாம் ஊற்று வழியாத்தான்னு சுற்றறிக்கை வந்திருக்கு. அதுல போடு. வரிசைப்படி வரட்டும், பாக்கலாம்.”

“சார், உங்க பேர்ல வர்றதெல்லாம்...?”

“என் பேர்ல வர்றதெல்லாம் வழக்கம்போல நீயே பாத்து அழுத்திடு. அதையெல்லாம் போய் என்கிட்ட கேட்டுக்கிட்டு.” சொல்லிவிட்டுக் கேடயத்தை எந்தக் கோணத்தில் வைத்தால் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் என்று பார்க்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் தங்கியிருந்த அறையிலிருந்து மனைவிக்குப் பேசினான். நடந்ததைச் சொல்லிப் புலம்பினான். பக்கத்தில் மகள், அப்பா நிறுத்தாமல் பேசுகிறார் என்று திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்க முயன்றுகொண்டிருந்தாள்.

மனைவி முழுவதையும் கேட்டாள். ரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள். எது யாருடையது என்பதில் அவளுக்குக் குழப்பமே வராது.

“ஏங்க, மாற்றல் மனு யார் யார்கிட்ட போகும்?”

“உதவிப் பொறியாளர், சூப்பிரண்டு, ஸ்டோர், கோட்டப் பொறியாளர். அப்புறம் தலைமை அலுவலகம். நூறு வாங்கின கோட்டம்னா அங்க தானாவே பாஸ் ஆயிடுமாம்.”

“இவங்க எல்லாருக்கும் யாரு அழுத்தறது?”

“நான்தான்.”

திரை உறைந்துவிட்டதோ என்று நினைத்தான். உறையவில்லை; அவள் அவனை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு... நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே யோசிங்க” என்றாள். மகள் விரல் வந்து அவன் மூக்கில் விழுந்தது. கட்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குப் பிரின்டர் தன் பெயரில் நுழைந்து மனுப் போட்டான். வெளியே வந்தான். உதவிப் பொறியாளராக நுழைந்து ‘குடும்பச் சூழல் கருதிப் பரிந்துரைக்கிறேன்’ என்றான். சூப்பிரண்டாக நுழைந்து ‘மேற்படியாரின் மேற்படி கோரிக்கை மேற்படி விதிகளுக்கு உட்பட்டதே’ என்றான். யாரையும் ஏமாற்றவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஏழு மாதமாகச் செய்ததைத்தான் செய்கிறான், இன்றைக்கு மட்டும் அதில் ஓர் உண்மையான புகார் இருக்கிறது.

அடுத்தது ஸ்டோர். அங்கே ‘அவர் பெயரில் பொருள் எதுவும் நிலுவையில் இல்லை’ என்று அழுத்த வேண்டும். அழுத்த வேண்டியவர் கடவுச்சொல் கொடுக்காத ஒரே ஆள்.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் திரையில் சிவப்பு முகம் அழுதது. ‘நிராகரிப்பு. அளவு நாடா ஒன்று, முப்பது மீட்டர், திருப்பித் தரப்படவில்லை.’

ஸ்டோருக்கு ஓடினான். அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“வாப்பா சூப்பிரண்டு, வாப்பா உதவிப் பொறியாளர். எல்லாரும் ஒண்ணாவே வந்துட்டீங்க போலிருக்கு?”

“அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். உங்களுக்கே தெரியும்...”

“தெரியும். அதனாலதான் நாடா எங்கன்னு கேக்கறேன்.”

நாடா எங்கே என்பது பிரின்டருக்குத் தெரியும். அது மூன்று வருஷமாக அவன் அறையில், ஜன்னல் கம்பியிலிருந்து கதவு ஆணி வரை, துணி காயப்போடும் கொடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சட்டையோடு அவிழ்த்து, சுருட்டி, ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நான்கு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எண்கள் அழிந்து, நாடா பனியன்போல் வெளுத்திருந்தது. இரண்டு துணிக்கிளிப்பு இன்னும் கடித்துக்கொண்டிருந்தன.

அக்கா கிளிப்புகளைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். “இது அரசாங்கச் சொத்து இல்ல. எடுத்துக்க.” பிறகு நாடாவை முழுவதும் விரித்துப் பார்த்து, ‘பெறப்பட்டது, மூன்று மீட்டர் பயனற்றது’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். “இந்த மனுவுல ஒரு இடத்திலயாவது நிஜமா ஒரு ஆள் பாத்து அழுத்தியிருக்கணுமா இல்லையா? இல்லன்னா அது மனுவா, நாடகமா?” அழுத்தினார். “பிள்ளைக்கு எத்தனை வயசு?”

“நாலு.”

“போ, போ. இன்னும் ஒரு வேஷம் பாக்கி இருக்குல்ல?”

பிரின்டர் கோட்டப் பொறியாளராக நுழைந்தான். நாற்காலியில் சாயவில்லை. நேராக உட்கார்ந்து அழுத்தினான். தலைமை அலுவலகத்தில் ஊற்று அந்த நூறைப் பார்த்ததும் தானாகவே சிரித்தது. நாடாவுக்கு அலைந்த நேரத்தைக் கழித்தால், மூன்று வருஷம் டம்ளருக்கு அடியில் கிடந்த மனு பதினொரு நிமிஷத்தில் ஆணையாகிவிட்டது.

விஷயம் கோட்டப் பொறியாளருக்கு இரண்டு நாள் கழித்து, திரைக் கூட்டத்தில்தான் தெரிந்தது. அம்மையார் எல்லாக் கோட்டங்களுக்கும் முன்னால் வாசித்தார்: “ஓர் ஊழியரின் குடும்பத் துயரத்தைக் கண்டு, மனு கிடைத்த நாற்பத்தைந்தாவது விநாடியில் ஒப்புதல் வழங்கிய கோட்டப் பொறியாளர் அவர்களின் கனிவான உள்ளத்தை...” பிரின்டர் அச்சுப்பிரதிகளோடு அறை வாசலில் நின்றிருந்தான். கோட்டப் பொறியாளர் அவனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நான் அழுத்தவில்லை என்று சொன்னால், இதுவரை யார் அழுத்தியது என்று கேள்வி வரும். கேடயம் கதவுக்கு நேரே பளபளத்தது.

“ஊழியர் நலன்தானே மேடம் நமக்கு முக்கியம்” என்றார். சிரித்தார். பச்சை முகம் அதைவிட நன்றாகச் சிரிக்கும்.

புது ஊரில் வீட்டிலிருந்து அலுவலகம் நடக்கும் தூரம். சேர்ந்த அன்றே அந்த ஊர்க் கோட்டப் பொறியாளர், ஒரு பெண்மணி, அவனை வரவேற்க எழுந்தே விட்டார்.

“நூறு வாங்கின கோட்டத்துல இருந்தா வர்றீங்க? கடவுளே அனுப்பின மாதிரி இருக்கு! இங்க ஒன்பதுதாங்க. அதுவும் பாதி என் டிரைவர் தெரியாம அழுத்தினது.” மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு நோட்டு வெளியே வந்தது. அட்டையில் ‘ரகசியம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

பிரின்டர் பையைத் திறந்து ஊற்றின் சான்றிதழை எடுத்து, பணிவாக, இரண்டு கையாலும் நீட்டினான்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். “ஏழு மாசம்... முற்றிலும் தவிர்த்தவர்... முரண்டு பிடித்தார்... கண்கலங்கினாரா?”

“ஆமாங்க மேடம். எனக்கு இந்தக் கம்ப்யூட்டரே ஆகாதுங்க. நூறு வராம நிறுத்தினதே நான்தான். வேணும்னா தலைமை அலுவலகத்துல கேட்டுப் பாருங்க, கடிதமே இருக்கு.”

நோட்டு, வந்த வழியே இழுப்பறைக்குள் போயிற்று. “சரி, நீங்க வரைபடமே பாருங்க” என்றார், ஒரு நோயாளியிடம் பேசும் குரலில்.

மூன்றாம் நாள், மணி ஐந்தே கால் இருக்கும். கூடத்தில் சலசலப்பு. அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டிருந்தது. நான்கு பேர் சுற்றி நின்று தட்டினார்கள், குலுக்கினார்கள். மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று பிரின்டருக்கு இங்கிருந்தே தெரிந்தது. காகிதத்தின் நுனிகூடத் தெரிந்தது. இரண்டு விரலால் பிடித்து மெல்ல இடதுபக்கம் இழுத்தால் வந்துவிடும். விரல்கள் ஊறின.

“யாருக்காவது இது தெரியுமாப்பா?” என்று ஒருவர் உரக்கக் கேட்டார்.

பிரின்டர் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டான். ஒரு பாக்கெட்டில் துணிக்கிளிப்புகள் இருந்தன. அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டான். அப்படியே, தரையைப் பார்த்தபடி, அவர்களைத் தாண்டி வெளியே நடந்தான்.

வாசலில் செல்போன் அடித்தது. ஸ்டோர் அக்கா.

“தம்பி, இன்னைக்குச் சதவீதம் வாசிச்சாங்க. சொல்லவா?”

“சொல்லுங்கக்கா.”

“ரெண்டு புள்ளி நாலு” என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “நெட்வொர்க் கோளாறுன்னு நம்ம கோட்டப் பொறியாளர் சொல்லியிருக்கார். வாசல்ல குழாய் நேத்து நல்லாவே பீறிட்டுடுச்சு. செங்கலெல்லாம் மிதக்குது. கவுன்டர் நோட்டுல எழுதியிருக்காங்க.”

வீட்டுக்குப் போனபோது மணி ஐந்தரை. மகள் அவனிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசினாள். முடிந்ததும் மூக்கில் விரலை வைத்து அழுத்தினாள். அவன் போகவில்லை. இன்னொரு முறை, பலமாக அழுத்தினாள்.

“அம்மா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். “அப்பா ஹேங் ஆயிட்டார்!”